குச்சி சொல்லும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னதும் உங்கள் வீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். உடையவர் அவதரித்த ஊர் அல்லவா? அதே பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டானுக்கு வேறு அவதாரங்கள் ஞாபகத்துக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிஸ்ஸான் கார்கள். 2012 முதல் டைம்லர் லாரி. 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் வல்லம் வடகாலில் 2017-ல் இன்னொரு ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை. அங்கேயே விமானத் தொழிலுக்கென்று சிப்காட் ஒரு தனிப் பூங்காவும் அமைத்திருக்கிறது. (பூங்கா என்றதும் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கே பூப்பதெல்லாம் இரும்பும் அலுமினியமும்தான்.)

காரோ, லாரியோ, மோட்டார் சைக்கிளோ, பெட்ரோலையோ டீசலையோ எரித்து ஓடும் என்ஜின் எதுவானாலும் அதற்கு ஒரு உயிர்நாடி உண்டு. "பெட்ரோல்தானே?" என்பீர்கள். பெட்ரோல் தீர்ந்துபோனால் என்ஜின் நின்றுவிடும், வாஸ்தவம். ஊற்றினால் மறுபடி எழுந்துவிடும். ஆனால் என்ஜின் ஆயில் தீர்ந்து நின்றுபோன என்ஜின் அநேகமாக எழுந்திருப்பதே இல்லை. உள்ளே இரும்போடு இரும்பு உரசிச் சூடேறிக் கெட்டியாகப் பற்றிக்கொண்டுவிடும்.

இன்றைய ராயல் என்ஃபீல்டு வண்டி ஒன்று உங்கள் வீட்டு வாசலில் நின்றால், காபி ஆறுவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்ஜினின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வட்டக் கண்ணாடி ஜன்னல் தெரியும். அதன் ஓரத்தில் இரண்டு கோடுகள். உள்ளே இருக்கும் ஆயில் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் தப்பு. கீழ்க் கோட்டுக்கு இறங்கினாலும் தப்பு. வண்டி சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் பிரயோஜனமில்லை. சாய்த்துப் பிடித்த டம்ளரில் மோர் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? வண்டியை நேராக நிமிர்த்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

1956-ல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய பழைய புல்லட்டுக்கு இந்த ஜன்னல் கிடையாது. மூடியோடு சேர்ந்த ஒரு குச்சிதான் உண்டு. அந்தக் குச்சிக்கு ஒரு விசித்திரக் குணம். இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்திவைத்த புல்லட்டில் குச்சியை விட்டுப் பார்த்தால், ஆயில் பாதிக்குமேல் காணாமற் போயிருக்கும். பதறிப்போய் மேலும் ஊற்றியவர்கள் அநேகம். உண்மையில் ஆயில் எங்கும் போகவில்லை. அதற்கென்று உள்ள அறையிலிருந்து மெதுவாகக் கசிந்து என்ஜினின் அடிவயிற்றுக்குள் இறங்கியிருக்கும். வண்டியைக் கிளப்பிச் சற்று ஓடவிட்டால், பம்பு அதை இறைத்துப் பழைய இடத்தில் சேர்த்துவிடும். பிறகு பார்த்தால் குச்சி சரியான கணக்கைச் சொல்லும். ஆயிலை ஊற்றிய பிறகு கிளப்பியவர் வீட்டிலோ வாசலெல்லாம் புகை. துவைத்து உலர்த்திய துணியெல்லாம் எண்ணெய் வாடை!

குச்சி பொய் சொல்லாது. ஆனால் எந்த நேரத்தில், எந்த நிலையில் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டால்தான் அது சொல்வது நமக்குப் புரியும். மோட்டார் சைக்கிளில் இதில் பிசகினால் நஷ்டம் பணத்தோடு போகும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பஸ் ஏறலாம். ஒரே ஒரு என்ஜினை நம்பி ஆகாயத்தில் போகிறவர்கள் எங்கே ஓரங்கட்டுவது?

ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலை வழியே வந்து வடக்கே திரும்பினால் தாம்பரம். நமது விமானப் படைக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் அங்கே இருக்கிறது. இன்னும் சிறிது தூரம் போனால் மீனம்பாக்கம். 1930-லேயே சென்னையில் பறக்கும் கிளப் ஒன்று தோன்றி, சிறு விமானங்கள் பறக்க ஆரம்பித்தாயிற்று. இப்படிப்பட்ட சிறு விமானம் ஒன்று தரையைவிட்டுக் கிளம்புமுன் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அறுநூறு கிலோமீட்டர் பறக்கப் போகிற பைலட், கையில் ஒரு பழந்துணியை வைத்துக்கொண்டு, என்ஜினிலிருந்து ஒரு குச்சியை உருவித் துடைத்துக்கொண்டிருப்பார். நம் வீட்டுச் சமையற்காரம்மாள் கரண்டிக் காம்பைத் துடைப்பது மாதிரியே இருக்கும்!

நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் நிறையப் பழக்கத்திலுள்ள செஸ்னா 172 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். நாலு பேர் உட்காரலாம்; மூக்கில் ஒற்றை என்ஜின். பைலட் முதலில் சாவி எடுத்தாகிவிட்டதா, சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். முன்னால் உள்ள விசிறி சுவிட்சை அணைக்காதபோது லேசாகக் கைபட்டுத் திரும்பினால்கூடச் சட்டென்று சுழன்று ஆளை வெட்டிவிடக்கூடும். அதனால் அணைத்த பிறகும் அதற்கு ஒரு மரியாதை கொடுத்து எட்டியே நிற்பார்கள். பிறகு விமானம் சமதளத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார். என்ஜின் மூடியில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே குச்சியின் தலை தெரியும். திருகி எடுத்து, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி அடிவரை செருகி, மறுபடி உருவி, அப்புறம்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை உருவும்போது குச்சியில் இருப்பது கணக்கே அல்ல. முந்திய ஓட்டத்தில் தெறித்ததும் குழாயின் சுவரில் ஒட்டியதும் அதில் சேர்ந்திருக்கும்.

புது ஆயிலாக இருந்தால் இன்னொரு தொல்லை. அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் குச்சியில் எதுவரை நனைந்திருக்கிறது என்றே தெரியாது. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். பழகின ஆயில் கறுத்திருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதும் அதன் வேலைதானே!

குச்சியில் பொறித்திருக்கும் எண்கள் 'குவார்ட்' கணக்கில் இருக்கும். (குவார்ட்டர் அல்ல, குவார்ட்! ஒரு எழுத்துப் பிசகினால் அர்த்தம் எங்கேயோ போய்விடும்.) அமெரிக்கக் குவார்ட் ஒன்று 946 மில்லி லிட்டர், அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிலீஷ்காரர் குவார்ட் வேறு; அது 1,136 மில்லி. நம் ஊரில் படிக்கு எட்டு ஆழாக்கு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாலும், படியே ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைதான். அதனால் ஒரு விமானத்தின் கணக்கை அந்த விமானத்தின் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓர் என்ஜினின் குச்சியை உருவி இன்னொன்றில் போடுவதும் கூடாது. குழாயின் நீளமும் சாய்வும் என்ஜினுக்கு என்ஜின் மாறும். குச்சியும் அதற்குத் தக்கபடி அளந்து செய்ததுதான்.

இன்றைய செஸ்னா 172-ல் நிறையக் கொள்ளக்கூடியது எட்டு குவார்ட். ஐந்துக்குக் கீழே இருந்தால் கிளம்பக்கூடாது என்று கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. நெடுந்தூரம் போவதானால் எட்டும் நிரப்பிக்கொள் என்கிறது. "எட்டுக்கு ஐந்து இருந்தால் போதுமா? அப்படியானால் மீதி மூன்று எதற்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

விமான என்ஜின் ஆயிலைக் குடிக்கும். இந்த மாதிரிச் சிறு விமான என்ஜின்களில் பெரும்பாலானவற்றைக் குளிரவைப்பது தண்ணீர் அல்ல, காற்று. அதனால் அவை நன்றாகச் சூடேறும்; சூட்டில் உலோகம் விரிவதற்கு இடம் விட்டுத்தான் பாகங்களைப் பொருத்தியிருப்பார்கள். அந்த இடுக்குகள் வழியே கொஞ்சம் ஆயில் மேலேறி எரிந்து போகும். 160 குதிரைச் சக்தியுள்ள என்ஜின் மணிக்கு ஏறக்குறைய அரை குவார்ட் வரை குடித்தாலும் என்ஜினைச் செய்தவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள என்ஜின் அதில் கால்வாசிகூடக் குடிக்காது. ஆனால் மோசமான கணக்கையே வைத்துக்கொள்ளுங்களேன்: எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்க ஆறு மணி நேரம். பெட்ரோல் தீர்வதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். மீதி மூன்று எதற்கு என்று தெரிந்துவிட்டதல்லவா?

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆயிலை அடிவயிற்றிலேயே வைத்துக்கொள்ளும் என்ஜின், நிறைந்த அளவில் பாதி மட்டும் இருந்தாலும் ஒழுங்காக ஓடிக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் விதி. அதற்குப் பிறகுதான் அந்த என்ஜினுக்கு அத்தாட்சி கிடைக்கும்.

"விமானத்துக்குள் எத்தனையோ முட்கள் ஆடுகின்றனவே, ஆயிலுக்கென்று ஒரு முள் இல்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. ஆனால் அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. என்ஜின் கிளம்பி அரை நிமிஷத்துக்குள் அந்த முள் எழவில்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும். அதுவரையில் அது நல்ல காவற்காரன். ஆனால் உங்கள் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தாலும் குழாயில் தண்ணீர் வரும். அடியில் ஒரு குடம் மீதி இருந்தாலும் வரும். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்ட பிறகுதான் குழாய் 'புஸ்' என்று காற்றை விடும்! ஆயில் பம்பும் உறிஞ்சுவதற்கு ஆயில் இருக்கும்வரை ஒரே மாதிரி அழுத்தம்தான் காட்டும். முள் விழும்போது மிச்சமிருப்பது சில நிமிஷங்களாக இருக்கலாம். மாடிக்கு ஏறித் தொட்டியை எட்டிப்பார்க்கிற வேலையைத்தான் குச்சி செய்கிறது.

அதிகம் ஊற்றிவிட்டால் நல்லதுதானே என்று நினைக்கிற தாராள மனதுக்காரர்களும் உண்டு. எட்டு குவார்ட் நிரப்பினால் அநேக என்ஜின்கள் மேலே உள்ள ஒரு குவார்ட்டை மூச்சுக் குழாய் வழியே வெளியே துப்பிவிடும். விமானத்தின் அடிவயிறெல்லாம் கறுப்பாக வழியும். அதைத் துடைக்கிற பையன் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனக்குப் பிடித்த ஓர் அளவு உண்டு. ஆறிலோ ஏழிலோ வந்து நின்றுகொள்ளும். நாள்தோறும் பறக்கிறவர்கள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கு மேல் ஊற்றுவதில்லை.

என்ஜின் இப்போதுதான் நின்றது என்றால் குச்சி குறைத்துச் சொல்லும். நல்லெண்ணெய்ச் சீசா காலியாகிவிட்டது என்று வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக் கவிழ்த்தால் விளக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் கிடைக்கிறதல்லவா? அப்படி, மேலே ஒட்டியிருப்பதெல்லாம் நிதானமாக இறங்கி வரவேண்டும். அவசரப்பட்டுப் பார்த்து 'குறைகிறது' என்று ஊற்றினால், மறுநாள் காலையில் அளவு மிஞ்சி நிற்கும். விடியற்காலையில், அன்றைய முதல் பறப்புக்கு முன்னால் பார்ப்பதுதான் உத்தமம்.

இதுவரை சொன்னது ஆயிலை அடிவயிற்றில் வைத்திருக்கும் என்ஜின். தனித் தொட்டி வைத்துக்கொண்டிருக்கும் என்ஜின்களும் உண்டு; அவற்றின் கதை இன்னும் சுவாரஸ்யம். நம் தேசிய மாணவர் படைப் பிள்ளைகள் பறப்பதற்காக வாங்கிய சிறு விமானத்துக்கு வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்று பெயர். (பெயரைக் கேட்டு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். ஸ்லோவேனியா தேசத்தார் வைத்த பெயர் அது.) இதில் இருப்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் என்ஜின். பழைய புல்லட்டைப் போலவே, நிறுத்திவைத்திருக்கும்போது இதிலும் ஆயில் தொட்டியைவிட்டு என்ஜினுக்குள் இறங்கிவிடும். பார்ப்பதற்கு முன்னால், சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, விசிறியை அது சுழலும் திசையிலேயே கையால் பல தடவை மெல்லச் சுற்ற வேண்டும். என்ஜினுக்குள் தங்கிய ஆயில் தொட்டிக்குத் திரும்பும். எல்லாம் திரும்பிய பிறகு காற்றும் பின்தொடர்ந்து வந்து தொட்டிக்குள் 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விடுமே, அதே மாதிரி! அந்த ஏப்பம் வந்த பிறகுதான் குச்சியைத் தொட வேண்டும். எதிர்த் திசையில் சுற்றவே கூடாது. ஆயில் போகவேண்டிய இடங்களில் காற்றுப் புகுந்துவிடும். இந்தக் குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 450 மில்லிதான். சத்தம் கேட்காமல் பார்த்தால் கணக்கு எப்படியெல்லாம் தப்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் நம் விமானிகளெல்லாம் பறக்கக் கற்றுக்கொண்ட டைகர் மாத் விமானத்தில் என்ஜினே தலைகீழ். சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். அடியில் ஆயில் வைக்க இடமில்லாததால், விமானத்தின் இடப்பக்கத்தில் வெளியே தெரியும்படி ஒரு தொட்டியை மாட்டிவிட்டார்கள். அதற்கும் ஒரு குச்சி. 1951-ல் முதன்முதல் பறந்த நமது சொந்த ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்திலும் அத்தகைய தலைகீழ் என்ஜின்தான் இருந்தது.

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! 1936-ல் லாகூரில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்து லைசென்சு வாங்கிய சரளா துக்ராலுக்கு அப்போது வயது 21. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. நம் பக்கத்து உஷா சுந்தரம், 1950-களின் தொடக்கத்தில், கணவர் வி. சுந்தரத்துடன் சீமைக்குக் கப்பலில் போய், சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்து பெயர் வாங்கினார். அந்த டவ் விமானத்தில் இரண்டு என்ஜின்கள். இரண்டும் தலைகீழ் ஜாதிதான். வழியில் இறங்கிய ஊர்களில் ஆயில் பார்க்காமல் கிளம்பியிருக்க முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஏமி ஜான்ஸன். 1930 மே 5-ந் தேதி லண்டனிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, கராச்சி, ஜான்ஸி, அலகாபாத், கல்கத்தா வழியாக மே 24-ந் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கிய 26 வயதுப் பெண். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய துணிச்சலைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் அதற்கு முந்திய வருஷமே அவர் விமான என்ஜினைப் பழுதுபார்க்கும் பரீட்சையில் தேறி, பிரிட்டனில் அந்த லைசென்சைப் பெற்ற முதல் பெண் என்று பெயர் வாங்கியிருந்தார். வழியில் ஒவ்வோர் ஊரிலும் இறங்கியதும் அவர் தம் கையாலேயே என்ஜினைக் கவனித்துவிட்டுத்தான் படுக்கப் போவார். பகலெல்லாம் வெயிலிலும் புழுதியிலும் பறந்துவிட்டு, இராத்திரி ஆயில் கறையோடு நிற்கிற அந்தப் பெண்தான் என் மனசில் நிற்கிறார்.

ஆயில் போய்விட்டால் ஆகாயத்தில் என்ன நடக்கும்? 1935 மே 15-ந் தேதி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து நியூஸிலாந்துக்குத் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு 'ஸதர்ன் க்ராஸ்' என்ற விமானம் கிளம்பியது. அதற்கு மூன்று என்ஜின்கள். ஓட்டியவர் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். துணைக்கு பி. ஜி. டெய்லர், கம்பியில்லாத் தந்தியைக் கவனிக்க ஜான் ஸ்டானேஜ். கடலுக்கு நடுவே, மூக்கு என்ஜினின் புகைக் குழாயிலிருந்து ஒரு துண்டு உடைந்து பறந்து வலப்பக்க விசிறியைச் சிதைத்துவிட்டது. அந்த என்ஜினை அணைத்துவிட்டு விமானத்தைத் திருப்பினார்கள். சாமான்களைக் கடலில் எறிந்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் இடப்பக்க என்ஜினின் ஆயில் அழுத்தம் குறைய ஆரம்பித்தது. முள் இறங்கிக்கொண்டே போயிற்று. அதுவும் நின்றால் ஒற்றை என்ஜினால் அந்தப் பெரிய விமானத்தைத் தாங்க முடியாது. கீழே கடல்.

அணைந்து கிடந்த வலப்பக்க என்ஜினில் ஆயில் சும்மா இருந்தது. இடப்பக்கத்தில் ஆயில் இல்லை. நடுவில் இருப்பதோ ஆகாயம்!

டெய்லர் ஜன்னல் வழியாக வெளியே இறங்கினார். இறக்கையைத் தாங்கும் கம்பியில் காலை வைத்து, காற்று அறைகிற அறையில் ஒட்டிக்கொண்டு, அணைந்த என்ஜினிடம் போய்ச் சேர்ந்தார். அடியிலுள்ள திருகைக் கழற்றி ஆயிலைப் பிடித்தார். எதில் பிடித்தார் என்று நினைக்கிறீர்கள்? நாம் ரயிலில் காபி கொண்டுபோவோமே, அந்தத் தெர்மாஸ் பிளாஸ்க்கின் வெளிக்கூட்டில்! காற்று பாதியை அள்ளிக்கொண்டு போயிற்று. மிஞ்சியதை ஸ்டானேஜ் ஒரு தோல் பெட்டியில் வாங்கி ஊற்றிச் சேர்த்தார். பிறகு டெய்லர் மறுபக்கம் இறங்கினார். அந்தப் பக்கத்து விசிறி ஓடிக்கொண்டிருந்ததால், கம்பியில் நிற்கவே விடாமல் அதன் காற்று தள்ளியது. ஆகவே கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் முதலில் முடிந்தவரை உயரே ஏறி, பிறகு அந்த என்ஜினின் வேகத்தைக் குறைத்து, விமானம் கடலை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷத்துக்குள் ஆயிலை ஊற்றவைத்தார். முள் எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழுந்தது. மறுபடி டெய்லர் இறங்கினார். இப்படி ஆறு தடவை! தபால் மூட்டைகளும் கடலுக்குப் போயின. மூவரும் ஸிட்னி வந்து சேர்ந்தார்கள். டெய்லருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது; அதுவே பின்னால் ஜார்ஜ் க்ராஸ் ஆயிற்று.

கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்துக்கு அதிர்ஷ்டம் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. நவம்பரில் வேறொரு விமானத்தில் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பியவர் பர்மா கரையோரக் கடலுக்கு மேல் மறைந்துபோனார். என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

இது பழங்கதை, இப்போது யந்திரங்களெல்லாம் பிரமாதம் என்று சொல்வீர்கள். 1983 மே 5-ந் தேதி அமெரிக்காவில் மயாமியிலிருந்து 172 பேருடன் கிளம்பிய பெரிய ஜெட் விமானத்துக்கு மூன்று என்ஜின்கள் இருந்தன. முந்திய இரவில் அவற்றைக் கவனித்தவர்கள் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று காட்டும் சிறு கருவிகளை மாற்றியபோது, அவற்றோடு போடவேண்டிய ரப்பர் வளையங்களைப் போடவில்லை. நம் பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் போடாமல் மூடியது போல! பறக்கும்போது மூன்று என்ஜின்களிலிருந்தும் ஆயில் ஒழுகிப் போயிற்று. முதலில் ஒன்றை அணைத்தார்கள். பிறகு மற்ற இரண்டும் தாமே நின்றன. முதலில் அணைத்ததை மறுபடி கிளப்பி, அந்த ஒன்றோடு வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. முதலில் அணைத்த என்ஜினில் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருந்ததே காரணம்.

சிறு விமானத்தில் இந்த ரப்பர் வளையத்தின் இடத்தில் இருப்பது குச்சியின் மூடி. அதைத் திருகாமல் விட்டால் ஆயில் வெளியே தெறித்துப் போகும். பலசாலித்தனத்தைக் காட்டி இறுக்கிவிட்டாலோ, சூட்டில் பிடித்துக்கொண்டு அடுத்தவரால் கழற்றவே முடியாது. விரலால் இறுக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊறுகாய் ஜாடி மூடியில் கணவரோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

குறிப்பிட்ட மணி நேரம் பறந்த பிறகு ஆயிலை வடித்துப் புதிது மாற்றுவார்கள். அப்போது ஆயிலை வடிகட்டும் பில்டரைத் தூக்கி எறிவதில்லை. அதை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைப் பாய் விரிப்பது போல விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். ஜரிகை மாதிரி மின்னினால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ வேறோ என்று பிரித்துக்கொள்வார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்று அதிலிருந்தே ஓரளவு ஊகித்துவிடுவார்கள்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். விமானம் எத்தனை மணி பறந்தது, குச்சி எவ்வளவு காட்டியது, எவ்வளவு ஊற்றினோம் என்று தேதிவாரியாக அதில் எழுதுவார்கள். பால் கணக்கு எழுதும் குடும்பத் தலைவிக்கு இதன் அருமை தெரியும். குச்சியில் ஆறு என்று இருந்தால் நல்லதா, கெட்டதா? அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பத்து மணி பறந்து ஏழிலிருந்து ஆறுக்கு வந்திருந்தால் நிம்மதியாக ஏறி உட்காரலாம். இரண்டு மணியில் ஏழிலிருந்து ஆறுக்கு வந்திருந்தால், கையேட்டின்படி பறக்கலாம் என்றாலும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பார்த்தபோது ஏழு என்று எழுதியிருக்கிறது. இரவு யாரும் விமானத்தைத் தொடவில்லை. இன்று காலையில் பயிற்சிக்கு வந்த பெண் குச்சியை உருவுகிறாள்; ஆறு. துடைத்து, செருகி, மறுபடி உருவுகிறாள், ஆறுதான். ஐந்துக்கு மேல் இருக்கிறதே என்று அவள் ஏறிவிடமாட்டாள். முழங்காலிட்டுக் குனிந்து, டார்ச்சு அடித்து, விமானத்தின் அடியிலே தரையைப் பார்ப்பாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த விமானம் கொட்டகையைவிட்டு நகராது. மெக்கானிக் ஸ்பானர் பெட்டியோடு வருவார். பெண் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போவாள்.